தேடி வந்த வேலை

நாடகம் முடிந்து எல்லோரும் அரங்கின் முன்கூடத்துக்கு வந்தபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சி. முதல் காட்சி என்பதால் தேநீரும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். அண்ணி ஒரு தூணில் சாய்ந்து, உடம்பின் பாரத்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் மாத்திரை போட்டும் முட்டி அடங்கவில்லை.

நாடகக்காரர்கள் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அவளைவிடப் பத்து வயது மூத்த ஒப்பனைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவள் கணவர் நடிகர். அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், இவள் தன்னால் அண்ணி ஆகிவிட்டாள். அவளுடைய சொந்தப் பெயர், அவள் வேலை பார்த்த பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்த சின்னப் பலகையில் மட்டும் மிச்சமிருந்தது.

இன்னும் நாலு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. முதலில் விளக்குக்காரர். அவருக்குப் 'பல்பு' என்று பட்டப்பெயர். அவர் மனைவிகூட அப்படித்தான் சொல்வாள்.

"பல்பு, அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு? கட்டு பிரிச்சாச்சா?"

"பிரிச்சாச்சு அண்ணி. இப்ப என்னைப் பார்த்து, 'நீ இவ்வளவு கறுப்பாடா'ங்கறாங்க."

அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கும்போதே அவள் கண், பல்புவின் தோளுக்குப் பின்னால் கைகழுவும் இடத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த ஒரு தலைமுடி நரைத்த மனிதரைத் தேடிப் போனது. அவர் இயக்குநர். அடுத்த மாதம் புது நாடகம் தொடங்குகிறார். போன வாரம் கடைவாய்ப் பல் வலி என்று தவித்தவரை, இரண்டு பேரை முன்னும் பின்னும் தள்ளி, மருத்துவரிடம் உள்ளே அனுப்பிவைத்தது அவள்தான்.

"பல்லு இப்ப பரவாயில்லையா சார்?"

"உங்க புண்ணியத்துல சாப்பிடறேன்மா."

"இன்னும் ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் மெல்லாதீங்க. அவர்கூட உங்களைக் கேட்டுட்டே இருந்தார். இந்த மாசம் எங்கயும் போகல, வீட்டுலதான் இருக்கார்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். வேலை கொடுங்கள் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்துவந்தாள். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பிள்ளை எந்தத் தேர்வில் கோட்டைவிட்டது, எந்த இயக்குநருக்குப் பத்து மணிக்கு முன்னால் போன் செய்தால் பிடிக்காது, எல்லாம் அவள் கைப்பேசியில் இருந்தன. எண்ணுக்குப் பக்கத்திலேயே குறிப்பும் எழுதி வைப்பாள். 'ஒலிக்காரர், தூசி ஆகாது.' 'தையல்காரம்மா, மருமகள் பேச்சை எடுக்காதே.' 'ஒப்பனைக்காரர், சர்க்கரை, இனிப்பு கொடுக்காதே.' ஒருவருக்கு உடை தைக்க ஆள் வேண்டும் என்றால் இன்னொருவரைச் சொல்வாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒரு நடிகை தவித்தால் தன் தங்கையை அனுப்புவாள். பல் பிடுங்கும் இடத்தில் இருந்துகொண்டு பாதி நாடக உலகத்தின் வாயை அவள் பார்த்திருந்தாள்.

மூன்றாவது ஆளிடம் பேசி முடித்துவிட்டுக் கணவர் இருந்த பக்கம் திரும்பினாள். அவர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். கல்லூரிப் பத்திரிகைக்காக வந்த இரண்டு மாணவிகள் அவர் சொல்வதைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அவருடைய பையும் குடையும் அண்ணியின் கையில் இருந்தன.

"இருபத்தெட்டு வருஷமா நடிக்கறேன்," என்றார் அவர். மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல் அது. தாழ்த்திப் பேசினாலும் நாலு பேருக்குக் கேட்கும். "ஒருத்தர் வீட்டு வாசல்லயும் போய் நின்னதில்ல. இந்த மாதிரி தேநீர்க் கூட்டத்துல பல்லைக் காட்டிட்டு நிக்கறது எனக்கு வராது. வேலையைச் சுத்தமா செஞ்சா போதும். வேலை நம்மளைத் தேடி வரும்."

மாணவிகள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

அண்ணி அங்கேயே நின்றாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. முட்டிதான் விண்விண்ணென்று தெறித்தது. நாலாவது ஆள் அரங்கச் செயலாளர். வாசல் பக்கம் தனியாகத்தான் நின்றிருந்தார். போய் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அவள் போகவில்லை. பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பையையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

பேருந்தில் வரும்போது அவர் கேட்டார்: "என்ன, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. அசதியா இருக்கு."

அது பொய்யில்லை.

அடுத்த நாள் அவள் எதையும் முடிவு செய்யவில்லை. ஒரு போன் செய்ய வேண்டியிருந்தது, செய்யவில்லை, அவ்வளவுதான். புதன்கிழமை ஒரு தயாரிப்பாளரின் அம்மா இறந்துபோனதாகச் செய்தி வந்தது. வழக்கமாக என்றால் மருத்துவமனையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு பேருந்து மாறிப் போயிருப்பாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு படுத்துவிட்டாள். அடுத்த வாரம் ஒரு புது நாடகத்தின் தொடக்கக் கூட்டம். "நீங்க போயிட்டு வாங்க," என்றாள். அவர் போனார். சுவரில் மாட்டியிருந்த பழைய புகைப்படங்களை அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

விடுவது இவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருந்தாள். வெளியூரில் படிக்கும் மகளோடு ஒரு மணி நேரம் பேசினாள். "என்னம்மா, இன்னைக்கு யாரையும் பார்க்கப் போகலையா?" என்று மகள் மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

பல் வலியோடு வந்த அந்தத் தலைமுடி நரைத்த இயக்குநர், அடுத்த மாத நாடகத்துக்கு நடிகரைக் கூப்பிட்டார். அது அன்றைய பேச்சின் பலன். அதற்கப்புறம் போன் அடிக்கவில்லை.

முதல் இரண்டு மாதம் நடிகர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வெயில் காலம். யாரும் புதுசா ஆரம்பிக்க மாட்டாங்க." வெயில் காலமும் போனது. மூன்றாம் மாதம், இப்போதெல்லாம் சின்னப் பையன்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றார். ஐந்தாம் மாதம், தனக்கு எதிராக ஒரு கும்பல் வேலை செய்கிறது என்றார். அந்தக் கும்பலில் யார் யார் என்று அண்ணி கேட்டதற்கு அவரால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. எட்டு மாதத்தில் வந்தது ஒரே ஒரு வேலை: ஒரு கொசுவத்தி விளம்பரத்துக்குக் குரல். அதிலும் கொசுவின் குரல்.

அவர் காலையில் எழுந்து குரல் பயிற்சி செய்வதை மட்டும் விடவில்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் அந்தக் குரல் எழும்பி இறங்குவதைக் கேட்டபடியே அண்ணி வேலைக்குக் கிளம்புவாள். அப்போதெல்லாம் கைப்பேசியை எடுப்பாள். யாருக்காவது ரெண்டு வார்த்தை எழுதலாம் என்று நினைப்பாள். பேருந்து வந்துவிடும். உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடிகர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தானே கிளம்பினார். பெரிய அரங்கத்தின் அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். கேட்ட முதல் கேள்வி: "அண்ணி நல்லா இருக்காங்களா? ஆளையே காணோமே?" அங்கிருந்து ஒப்பனைக்காரர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்ததும் அவர் நடிகருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அண்ணி வரலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" நல்லாத்தான் இருக்கிறாள் என்று நடிகர் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

கடைசியாகப் பல்புவின் பட்டறைக்குப் போனார். அங்கே தரை முழுக்க வயர் சுருள்கள். பல்பு ஒரு விளக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணே. அண்ணி எப்படி இருக்காங்க?"

நடிகருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னப்பா இது? காலையில இருந்து மூணாவது ஆளு. நான் எப்படி இருக்கேன்னு ஒருத்தனும் கேக்கல!"

பல்பு திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்ல நடிகர். யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா இந்த ஊர்ல உங்க வயசுல நல்ல நடிகருங்க முப்பது பேரு இருக்காங்க. ஒரு வேஷத்துக்கு ஆள் வேணும்னு உட்காரும்போது யார் முகம் கண்ணு முன்னால வருதோ அவங்களைத்தான் கூப்பிடுவாங்க. அண்ணி வந்துட்டுப் போனா, ரெண்டு நாளைக்கு உங்க ஞாபகம் இருக்கும். இப்ப அவங்க வர்றதில்ல. நானே உங்களை மறந்துட்டேன், பாருங்க. வர்ற மாச நாடகத்துக்கு ஒருத்தர் ஆள் கேட்டார், வேற பேரைச் சொல்லிட்டேன்."

நடிகர் அங்கே தேநீர் குடிக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்தார். அண்ணி மருத்துவமனையிலிருந்து வரும்வரை கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். அவள் வந்து, உலர்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து வந்து மடிக்கத் தொடங்கியபோது எதிரில் வந்து நின்றார்.

"எனக்காக நீ யார்கிட்டயாவது வேலை கேட்டியா?"

"இல்ல."

"உண்மையைச் சொல்லு."

"ஒருதடவைகூடக் கேட்டதில்ல. சும்மா பேசிட்டிருந்தேன்."

"என்ன பேசுன?"

"பல்வலி. புள்ளைங்க படிப்பு. யாரு வீட்டைக் காலி பண்ணணும், யாருக்கு அப்பா படுக்கையில கிடக்கார். அதான்."

"இருபத்தெட்டு வருஷமாவா?"

"இருபத்தாறு. முதல் ரெண்டு வருஷம் எனக்கு யாரையும் தெரியாது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப ஏன் நிறுத்துன?"

"கால் வலிச்சுது."

இன்னும் பெரிதாக ஏதோ வரும் என்று அவர் காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. அவள் ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாள்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணுங்ககிட்ட நீங்க சொன்னதைக் கேட்டேன். வேலை தேடி வரும்னு. எனக்குக் கோபம் வந்திருந்தா மறுநாளே சண்டை போட்டிருப்பேன். கோபம்கூட வரல. அவ்வளவு அசதி. தேடி வர்றதுக்கு நான்தானே தினமும் வழி சொல்லிட்டிருந்தேன்? கொஞ்ச நாள் அதுவே வரட்டுமேன்னு விட்டுட்டேன்."

"அப்ப நான் நடிச்சதெல்லாம்..." அவர் குரல் பாதியில் நின்றது. "அதெல்லாம் உன் முகத்துக்காகக் குடுத்ததா?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்குப் பயந்துகூட இருந்தாள். மேடையில் எத்தனையோ விதமாகக் குரல் உடைந்து அவர் பேசியதைக் கேட்டிருக்கிறாள். இது அப்படி இல்லை. ஒழுங்கில்லாமல் உடைந்தது.

"இங்க பாருங்க. கதவு வரைக்கும்தான் நான். உள்ள போய் நடிச்சது நீங்க. நல்லா நடிக்கலைன்னா ரெண்டாவது தடவை என் முகத்துக்காக யாரு கூப்பிடுவா? ஆனா கதவுன்னு ஒண்ணு இருந்துதுங்க. அது தானா திறக்கல."

இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய கைப்பேசியைக் கேட்டு வாங்கினார். சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போனார். நானூறுக்கு மேல் இருந்தன. சில குறிப்புகளைப் படித்து வாய்விட்டுச் சிரித்தார். ஓரிடத்தில், "இவருக்கு மகன் செத்துப்போனானா? எப்போ?" என்று கேட்டார். "ஆறு வருஷமாச்சு," என்றாள் அண்ணி. "நீங்க அவரோட நடிச்சிட்டிருந்த நேரம்தான்." கடைசியில் தன் எண்ணைத் தேடினார். 'அவர்' என்று இருந்தது. பக்கத்தில் குறிப்பு எதுவும் இல்லை.

அதே மாதம் பல் மருத்துவமனைக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பத்து வருஷம் முன்பு ஒத்திகைகளில் வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலையில் இருந்தவள், இப்போது இயக்குநர். மூடிக்கிடந்த ஒரு சினிமாக் கொட்டகையை நகராட்சி நாடக அரங்காக மாற்றி அவள் பொறுப்பில் விட்டிருந்தது. வேர் சிகிச்சை முடிந்து வெளியே வந்தவளுக்குப் பாதி வாய் மரத்துப் போயிருந்தது. வரவேற்பு மேசையில் சாய்ந்துகொண்டு குழறிக் குழறிப் பேசினாள்.

"அண்ணி, உங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன். எங்க அரங்குக்கு ஒரு நிர்வாகி வேணும். வர்றீங்களா?"

"நீ வாய் மரத்துப் பேசறியா, மூளை மரத்துப் பேசறியா?" என்றாள் அண்ணி. "எனக்கு நாடகத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"நாடகம் எனக்குத் தெரியும். ஆளுங்கதான் தெரியல. ஒரு வயலின்காரர் வேணும்னா யாரைக் கூப்பிடணும், ரெண்டு பேரு முறைச்சுக்கிட்டா யாரை விட்டுப் பேச வைக்கணும், ஒண்ணும் தெரியல. போன மாசம் ஜன்னல் சட்டம் செய்யறவரைத் தேடி மூணு நாள் அலைஞ்சேன். கடைசியில ஒருத்தர், 'அண்ணிகிட்டக் கேட்டிருக்கலாமே'ன்னார். நான் உங்களையே கேக்கறேன்."

எச்சில் ஒழுகுவது தெரியாமல் அவள் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணி ஒரு காகிதத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஆனால் அந்தப் பெண் வாசலைத் தாண்டுவதற்குள், "உட்கார்ந்து பார்க்கற வேலையா? எனக்கு முட்டி வலி," என்று கேட்டுவிட்டாள்.

வீட்டில் சொன்னபோது நடிகர் கேட்டது ஒரே ஒரு சொல். "உனக்கா?"

அந்தச் சொல் அவளுக்கு வலித்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் பின்னால் வந்து, "சேர்ந்துக்கோ. உனக்கு வராம யாருக்கு வரும்," என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. ஆனாலும் சொன்னார்.

அரங்கில் வேலை எளிதாக இல்லை. நாற்காலியில் உட்கார நேரம் கிடைத்தது மதியம் ஒரு மணி நேரம்தான். மேல்மாடியில் ஒழுகல், கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, ஒத்திகை அறைச் சாவி எப்போதும் யாரிடமோ இருக்கும். ஆனால் ஒரு விஷயம் மாறியிருந்தது. அவள் போன் செய்தால், 'அண்ணி, சொல்லுங்க' என்ற குரலுக்குப் பிறகு அவள் தன் வேலையைப் பேசினாள். 'அவர் ஊரில்தான் இருக்கார்' என்று சொல்லி முடிக்க வேண்டியதில்லை. அந்த வாக்கியம் தன் பேச்சிலிருந்து போய்விட்டதை அவள் மூன்றாவது வாரம்தான் கவனித்தாள்.

முதல் நாடகத்தில் ஒரு அப்பா வேஷம். ஐம்பதைத் தாண்டியவர், நிறைய வசனம். தேர்வுக்குப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட வேண்டும் என்று இயக்குநர் பெண் சொன்னாள். அண்ணி பட்டியல் எழுதிக் கொடுத்தாள். இயக்குநர் பெண் எண்ணிப் பார்த்தாள்.

"பதினொண்ணுதான் இருக்கு. அண்ணன் பேரு இல்லையே?"

"அதை நீதான் சொல்லணும்மா. நான் சொன்னா சிபாரிசு ஆயிடும்."

"சொல்லாம விட்டாலும் சிபாரிசுதான் அண்ணி. வேணாம்னு சிபாரிசு."

அண்ணி பேனாவை வாங்கிப் பன்னிரண்டாவது பெயரை எழுதினாள். அன்று மாலை வீட்டில், மற்ற பதினோரு பேருக்கும் சொன்னதைப் போலவே அவருக்கும் சொன்னாள்.

"வியாழக்கிழமை. பதினொண்ணே முக்கால். இந்த ரெண்டு பக்கம் மனப்பாடம் பண்ணிடணும்."

"நான் தேர்வுக்கு வரணுமா? என்னைப் பத்தி அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும். மத்த பதினோரு பேரையும் தெரியும்."

அவர் காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை பதினொன்று இருபதுக்கே வந்துவிட்டார். நீளமான நடையில் ஒரு பெஞ்சு. அதில் ஏற்கனவே நாலு பேர். எல்லோரும் அவரோடு ஒருமுறையாவது நடித்தவர்கள். அவர்களுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் மகளின் படிப்பு, ஒருவர் இடுப்புப் பிடிப்பு. நடிகர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பேச ஒன்றும் கிடைக்காதவர் போலக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக் கண்ணாடி வழியாக அண்ணி இதைப் பார்த்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, 'இவருக்குத்தான் இடுப்புப் பிடிப்பு, எண்ணெய் எது நல்லதுன்னு கேளுங்க' என்று காதில் ஓதலாம் போல இருந்தது. போகவில்லை. சிறிது நேரத்தில் அவரே பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அந்த மனிதர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்.

முறை வந்தபோது அண்ணி கதவைத் திறந்து, கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாள் முதல் அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பெஞ்சில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். ஒரு கணம் இருவரும் புது மனிதர்களைப் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

"வாங்க," என்றாள் அவள். உள்ளே போனார்கள்.

அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வெளியூரிலிருந்து வரும் மகளைக் கூட்டிவர ரயில் நிலையத்துக்குப் போக மறந்துவிட்ட ஒரு அப்பா, நனைந்தபடி தானே வந்து சேர்ந்த அவளிடம் பேசும் காட்சி. அவர் பேசத் தொடங்கினார். இத்தனை வருஷத்தில் அவர் நடிப்பதை அவள் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நாடகம் நடக்கும்போதெல்லாம் அவள் கண் பார்வையாளர்கள் மேல்தான் இருக்கும். யார் வந்திருக்கிறார்கள், யார் பாதியில் எழுந்து போகிறார்கள், முடிந்ததும் யாரை முதலில் பிடிக்க வேண்டும். இன்றைக்குப் பிடிக்க யாருமில்லை. துண்டை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் அவர் கொஞ்சம் நிறுத்தினார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஒரு மனிதனின் கை காற்றில் அப்படியே நின்றது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல நடிகர்தான். அவள் இத்தனை நாள் பொய் சொல்லித் திரியவில்லை.

எல்லோரும் போனபின் இயக்குநர் பெண் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். வேஷத்தை ஆறாவதாக வந்தவருக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். இடுப்புப் பிடிப்புக்காரர்.

"அண்ணன் நல்லா பண்ணார் அண்ணி. இன்னைக்கு வந்ததுல அவர்தான் நல்லா பண்ணார்னுகூடச் சொல்லுவேன். ஆனா பெருசா இருக்கார். உள்ள வந்தா வீடே அவரோடதாயிடுது. எனக்கு வேண்டியது சுவரோட சுவரா இருக்கற அப்பா."

"சரிம்மா."

"நான் வேணா அண்ணன்கிட்டப் பேசட்டுமா?"

"வேணாம். பதினோரு பேருக்கும் நான்தானே சொல்லணும்."

வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். வேஷம் இல்லை என்று சொல்வது எப்படி என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சுற்றி வளைக்காமல் முதல் வாக்கியத்திலேயே சொன்னாள். அதற்குப் பிறகு அவர்கள் போதும் என்னும்வரை காத்திருந்தாள். ஒருவர் திட்டினார். ஒருவர் அழுதார். ஏழாவது எண் அவருடையது.

"நான்தான் பேசறேன். வேஷம் உங்களுக்கு இல்லைங்க."

தெருவில் ஏதோ வண்டி போகும் சத்தம் அவர் போன் வழியாகக் கேட்டது.

"நான் சரியா பண்ணலையா?"

"நல்லா பண்ணீங்க. நான் பார்த்தேன். அவளுக்கு வேற மாதிரி ஆள் வேணும்."

"நீ பார்த்தியா?"

"கடைசி வரிசையில இருந்தேன். அந்தத் துண்டு நீட்டற இடத்துல எனக்கு அழுகை வந்துடுச்சு."

"யாருக்குப் போச்சு?" என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"அவனா. அவன் பண்ணுவான். அமைதியா பண்ணுவான்." இருமினார். "அவன் நம்பர் உன்கிட்ட இருக்குல்ல? எனக்கு அனுப்பு. ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

அவள் அனுப்பினாள். பக்கத்தில் இருந்த குறிப்பை அழித்துவிட்டு எண்ணை மட்டும் அனுப்பினாள். இன்னும் நாலு பேர் பாக்கி இருந்தார்கள்.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது ஆறரை மணி. அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சோர்வு இருந்தது, அழுதிருக்கவும் கூடும். ஆனால் பேச ஆளுக்காகக் காத்திருந்தவர் போல, அவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டார்.

"பேசினேன். இருபது நிமிஷம் பேசிட்டான். பன்னெண்டு வருஷமா அவனைத் தெரியும், ரெட்டைப் புள்ளைங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. அவனுக்கு அந்த ரயில் நிலையக் காட்சி இன்னும் பிடிபடலையாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டான். வாடான்னுட்டேன். சரிதானே?"

"சரிதான்," என்றாள் அண்ணி. தரையில் பாயை விரித்து, முட்டிக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு படுத்தாள். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நீச்சல் கற்றுக்கொள்கிறாளாம், மற்றவளுக்குத் தண்ணீர் என்றாலே பயமாம். பெயர்கூடச் சொன்னானே, என்னவோ, என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் தூங்கிப் போயிருந்தாள்.